டாக்டர், என்னைப் பார்த்துச் சொல்லுங்க

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். இங்கே அப்பா நலம். நானும் வலது மார்பைத் தவிர மற்றபடி நலம்.

போனில் பாதிதான் சொன்னேன், மீதியைச் சொல்லவிடாமல் நீ அழுதுவிட்டாய், அதனால் எழுதுகிறேன். கட்டி புற்றுநோய்தான் என்று தெரிந்த பிறகு வந்த அந்த ஒரு வாரம் இருக்கிறதே, நோயைவிட அதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. முதலில் ஆபரேஷனா மருந்தா, கட்டியை மட்டும் எடுப்பதா மார்பையே எடுப்பதா, எந்த ஸ்கேன் எந்த மாடியில், ஆளுக்கொரு காகிதம், ஆளுக்கொரு யோசனை. உன் மாமா ஒரே நாளில் நாற்பது வீடியோ அனுப்பினான். பக்கத்து வீட்டு அக்கா யார் கண் பட்டதோ என்றாள். கண்ணு பட்டா கட்டி வராதுக்கா, யாருக்கு வேணா வரும், நீங்களும் போய்ப் பரிசோதனை பண்ணிட்டு வாங்க என்றேன். நிஜமாகவே போய்விட்டு வந்தாள், ஒன்றும் இல்லையாம். ஆனால் செவ்வாய்க்கிழமை ஸ்கேன் கவுன்டரில் பிறந்த தேதி கேட்டபோது எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. பஸ் டிப்போவில் எண்பது டிரைவர்களுக்கு யாருக்கு எந்த வண்டி, எந்த ஷிப்ட் என்று பார்க்காமலே சொல்கிறவள், சொந்தப் பிறந்த நாளை மறந்து நின்றேன். மாடிப்படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். அப்பா என் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார், பாவம். அழுது முடித்ததும் கோபம் வந்தது. டாக்டர் அறைக்குள் போனால் அவர் வழக்கம்போல அப்பாவைப் பார்த்தே பேசுகிறார், இவரும் தலையாட்டுகிறார். டாக்டர், மார்பு என்னுது, என்னைப் பார்த்துச் சொல்லுங்க, இந்த வாரம் எதை முடிவு பண்ணியே ஆகணும், எது காத்திருக்கும், அதை மட்டும் சொல்லுங்க என்றேன். மனிதர் பேனாவை வைத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பினார். மருந்தை முதலில் ஆரம்பிப்பதா என்பது ஒன்றுதான் இப்போதைக்கு, எவ்வளவு எடுப்பது என்பதைக் கட்டி சுருங்குவதைப் பார்த்துப் பேசிக்கொள்ளலாம் என்றார். இதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கலாம். இன்னொரு டாக்டரிடமும் கேட்கவேண்டும் என்றேன், தாராளமா கேளுங்கம்மா என்று அவரே கடிதம் கொடுத்தார். அந்த டாக்டரம்மாவும் மருந்துதான் முதலில் என்றார். சரி என்று நான் சொன்னேன், நான்தான் சொன்னேன்.

அப்பா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறார். அழறதுன்னா என் பக்கத்துல உட்கார்ந்து அழுங்க, தண்ணி வீணாகுது என்றேன். இப்போது பக்கத்தில் உட்கார்ந்தே அழுகிறார். நேற்று முதல் மருந்து ஏற்றினார்கள். அதற்கு முன் தந்த படிவத்தில் முடிவெடுப்பவர் என்ற இடத்தில் கணவர் என்று யாரோ எழுதி வைத்திருந்தார்கள். அதை ஒரே கோடாக அடித்துவிட்டு, நானே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பயமா இல்லையாம்மா என்று கேட்டாயே, இருக்கிறது, நிறையவே இருக்கிறது. அதற்காக அது சொல்கிறபடி என்னால் ஆட முடியாது. வேலையை விட்டுவிட்டு இப்போது ஓடி வராதே, ஆபரேஷனுக்கு வா, எல்லாரையும் கேள்வி கேட்க அப்போது உன் வாய் எனக்கு வேண்டும். அதற்குள் நீயும் பரிசோதனை செய்துகொண்டு எனக்குச் சொல், சாக்குப்போக்கு வேண்டாம். நோய் நொடி இல்லாமல் நீ நீண்ட காலம் சுகமாக இருக்க வேண்டும், அதை இருந்து பார்க்கிற உத்தேசம் எனக்கு இருக்கிறது.

இப்படிக்கு,
இரண்டு முறை வாந்தியெடுத்தும் வாய் குறையாத
உன் அம்மா