வாய்க்காலை மறித்த மேடை

செப்டம்பர் 12, வெள்ளி

பிள்ளையார் மேடையில் சாமியிடம் பூக்கேட்க வந்தவர்கள்: குட்டைக் கமிட்டித் தலைவர் ஈஸ்வரமூர்த்தி அண்ணன், மானியம் தரும் டிரஸ்டிலிருந்து லோகப்பிரியா, பக்கத்துத் தோட்டத்துப் பாவாத்தாள் அக்கா, பூசாரி, என் வீட்டுக்காரர், நான். ஆறு பேர்.

மலையிலிருந்து குட்டைக்கு வரும் வாய்க்காலில்தான் மேடை நிற்கிறது. வீட்டுக்காரர் நெஞ்சு வலியிலிருந்து பிழைத்த வருஷம் வேண்டுதலுக்கு நான் கட்டியது. அப்போது வாய்க்காலில் முள்தான் முளைத்துக் கிடந்தது. இப்போது மேடையைப் பத்தடி தள்ளினால்தான் குட்டையைத் தூர்வார மானியம். இரண்டு பொட்டலம். வெள்ளைப் பூ வந்தால் நகர்த்தலாம், சிவப்பு வந்தால் கூடாது.

"அம்மணியே கட்டட்டும். கமிட்டி நோட்டுல ஒரு அடிச்சுத் திருத்தல் பாத்திருக்கீங்களா?" என்றார் அண்ணன். நோட்டு எழுதுவது நான்தான்; பொட்டலத்தையும் நானே கட்டினேன்.

பாவாத்தாள் அக்கா எடுத்தார். செவ்வரளி.

செப்டம்பர் 13

இரண்டிலும் செவ்வரளிதான் வைத்தேன்.

செப்டம்பர் 16

காலையில் மேடைக்கு விளக்குப் போடப் போனேன். அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றார். கிணறு வற்றி, இரண்டு மாட்டையும் விற்றவர். "சாமிய நகத்தோணும்னு நெனச்சுப்போட்டனுங்க அம்மணி. தப்புத்தானுங்க."

தப்பு — யாருடையது? விளக்கு ஏற்றாமலே திரும்பிவிட்டேன்.

அக்டோபர் 17, வெள்ளி

நல்ல மழை. மலைத்தண்ணி மேடை வரைக்கும் வந்து, முட்டி, திரும்பி, தார் ரோட்டில் ஓடிச் சாக்கடையில் விழுந்தது. குட்டைக்கு ஒரு குடம்கூடப் போகவில்லை. அக்கா நனைந்துகொண்டே பார்த்து நின்றார்.

லோகப்பிரியா போன் செய்தாள். 31ஆம் தேதிக்கு மேல் மானியம் வேறு ஊருக்குப் போய்விடுமாம்.

பொட்டலத்தில் செய்ததை வீட்டுக்காரரிடம் சொல்லிப்போட்டேன். "சாமிய நகத்துனா உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு பயந்துட்டனுங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, "நான் நல்லா இருக்கோணும்னு அந்தக்கா கெணத்தக் காயப் போட்டியா?"



அக்டோபர் 19, ஞாயிறு

கமிட்டி முன்னால் சொன்னேன். ஈஸ்வரமூர்த்தி அண்ணன் நோட்டை எடுத்துப் புரட்டினார். ஆறு வருஷத்து எழுத்து. "இதுல எதெல்லாம் நெசமுங்க?" பள்ளிக்கூடம் போகாமல் நானே பழகிய கணக்கு — அத்தனையும் சரி. ஆனால் எப்படி நம்பச் சொல்வேன்?

அக்கா மட்டும், "அப்போ, சாமி இன்னும் வாயே தொறக்கலைங்களா?" என்றார். பிறகு, "இந்தத் தடவ நான் கட்டறேன். நீங்க எடுங்க."

அக்டோபர் 24, வெள்ளி

 நான் எடுத்த பொட்டலத்தில் வெள்ளை நந்தியாவட்டை. யாரும் கேட்காமலே அக்கா மற்றதையும் பிரித்துக் காட்டினார். செவ்வரளி.

நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

லோகப்பிரியாவுக்கு எழுதியதன் நகல்:

"கண்ணு, செப்டம்பர் 12 அன்று வந்தது சாமி சொன்ன பதில் இல்லை. நான் செய்த திருட்டுத்தனம். திங்கட்கிழமை மேடையை நாங்களே நகர்த்துகிறோம். கமிட்டி நோட்டை ஒப்படைத்துவிட்டேன். இனி வேறு ஒருவர் எழுதுவார். என் தப்புக்காகக் குட்டையைத் தள்ளிவிட வேண்டாம். மானியம் இன்னும் எங்களுக்கு உண்டா? 31ஆம் தேதிக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. சீக்கிரம் பதில் சொல்லு."