சுவருக்கு முன்னால் நிற்க வேண்டியவள்

அக்கா,

யமுனாவின் பள்ளிக்கூடப் பையில் இன்று உன் தலைத்தொப்பி இருந்தது. இறால் கம்பெனியில் முடி விழாமல் இருக்க மாட்டிக்கொள்வீர்களே, அந்த நீல வலைத்தொப்பி. பென்சில் டப்பாவைச் சுற்றி வைத்திருந்தாள். எடுத்து மோந்து பார்த்தேன். குளோரின் வாசனை இன்னும் போகவில்லை. பத்து வருஷமாக ஏரிச் சேற்று வாசனையோடு வீட்டுக்குள் வந்த உன்மேல் கடைசி ஆறு மாதம் மட்டும் அடித்த வாசனை அது. உன் மகளுக்கு உன் ஞாபகமாக அதுதான் மிஞ்சியிருக்கிறது.

நீ போய் நாலு மாதம் ஆகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு எழுதியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை. நேற்று அரசாங்க வீட்டுத் திட்டத்து ஓவர்சியர் வந்து போனார். அதற்குப் பிறகு உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அஸ்திவாரம் போட்ட அன்றைக்கு அவர் முதல் போட்டோ எடுத்தாரே, அதை நினைத்துக்கொண்டேன். யார் பேரில் வீடு வந்திருக்கிறதோ அவர் தன் வீட்டு முன்னால் நிற்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு போட்டோ. அது ஏறினால்தான் அடுத்த தவணை. லிஸ்டில் உன் பேர் வந்ததிலிருந்து தெருவுக்கே சொல்லிக்கொண்டு திரிந்தவள், அன்றைக்குப் பார்த்து ஏரியிலிருந்து நேராக வந்து நின்றாய். இடுப்பு வரை ஈரம். இறால் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்தபடி.

“அத்த வாயிலருந்து எடும்மா, மூஞ்சியே தெரியல” என்றார் ஓவர்சியர்.

பறியை எடுத்து அவர் முன்னால் நீட்டினாய். “இந்தா சார், கொஞ்ச நேரம் நீ கடிச்சிக்கோ, நான் சிரிக்கிறேன்.”

மனிதர் சிரித்த சிரிப்பில் போன் ஆடிப்போய், இன்னொரு தடவை எடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் போட்டோவில் நீ நன்றாக இருந்தாய். வீடுதான் இன்னும் தரைக்கு மேல் வரவில்லை.

அதற்கப்புறம் ஏரி கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. நீயும் மற்றப் பெண்களும் சேற்றுக்குள் கைவிட்டுத் தடவித் தடவிப் பார்த்து, வெறும் பறியோடு கரையேறிய நாட்கள் எத்தனை. கோட்டைக்குப்பத்துப் பெண்களோடு நீயும் மீஞ்சூர்ப் பக்கத்துக் கம்பெனிக்கு வேன் ஏறினாய். “தண்ணில புடிச்சத இப்ப மேசைமேல உரிக்கிறேன், அவ்ளோதான்” என்றாய். தோல் உரிந்து வெளுத்துப்போன விரல்களை மட்டும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பேசினாய்.

கம்பெனியில் கொடுத்த ஒரு தாளை நீ கொண்டுவந்த சாயங்காலத்தைச் சொல்ல வேண்டும். நான் என் மகன் குட்டிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். வாசலிலேயே உட்கார்ந்து தாளை என் மடியில் போட்டாய்.

“இன்னாமே போட்டுக்கீறான் இதுல, படி.”

“ராத்திரி ஷிப்டுக்கு வர உனக்குச் சம்மதம்னு கீதுக்கா. புதுச் சட்டத்துல பொம்பளைங்களையும் ராத்திரில வேலைக்கு வைக்கலாமாம். ஆனா எழுதி வாங்கணுமாம்.”

“வாணாம்னா?”

“வாணாம்னும் சொல்லலாம்.”

“சொன்னா பகல்ல வேலை தருவானா?”

அது அந்தத் தாளில் இல்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “எல்லாரும் போடுறாங்கக்கா” என்றேன்.

“படிச்சவ நீ சொல்ற. குடு பேனாவ.”

பழைய தொழிலாளர் சட்டங்களை எல்லாம் சேர்த்து நாலாக்கிவிட்டார்கள் என்று போனில் படித்திருந்தேன். வேலைக்குச் சேர்த்ததற்கு ஒவ்வொருவருக்கும் எழுத்தில் ஆர்டர் தர வேண்டுமாம், கேட்டு வாங்கு என்று அன்றைக்கும் சொன்னேன். “கேட்டா நாளைக்கு வேன்ல எடமில்லம்பான்” என்று எழுந்து போய்விட்டாய். அந்தக் கம்பெனியில் உன் கையெழுத்து விழுந்த ஒரே தாள் அதுதான். என் பக்கத்திலேயே போன் கிடந்தது. குட்டி வாயெல்லாம் சோறாகச் சிரிக்கிறான் என்று அவனைப் போட்டோ எடுத்தேன். அந்தத் தாளை எடுக்கத் தோன்றவில்லை. பி.காம். படித்தவள் நான்.

ராத்திரி ஷிப்டு முடிந்து வரும்போது திருப்பாலைவனம் தாண்டி வேன் கவிழ்ந்தது. மற்றவர்களுக்குக் கை, காலில் அடி. நீ மட்டும் திரும்பவில்லை.

லேபர் காண்ட்ராக்டரைப் பார்க்கப் போனோம். டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, “அன்னிக்கு அது ஷிப்டுலயே இல்லம்மா, வழியில கை காட்டி ஏறியிருக்கும்” என்றான். என் வீட்டுக்காரர், உன் கொழுந்தன், அவன் சட்டையைப் பிடிக்கப் போக, நான்தான் குறுக்கே விழுந்து இழுத்து வந்தேன். வேனில் கூட வந்த பெண்கள் சாட்சி சொல்வார்களா என்று வீடு வீடாகப் போய்க் கேட்டேன். “எங்க பொழப்பு போயிடும் தங்கச்சி” என்று தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களை நான் எப்படிக் கோபிப்பேன்? வேலைக்குப் போய்வரும் வழியில் நடந்தாலும் வேலையில் நடந்த விபத்தாகவே எடுத்துக்கொள்ள வழியிருக்கிறது என்று சட்டத்தைக் காட்டி லேபர் ஆபீசில் நஷ்டஈட்டுக்கு மனு கொடுத்தேன். “பழைய சட்டத்துல போடுறதா, புதுசுல போடுறதான்னு மேல கேட்டிருக்கோம், அவங்க அங்க வேலை செஞ்சாங்கன்னு ஒரு ஆதாரம் கொண்டாங்க” என்றார்கள். நீ செத்துப்போனதற்கான சான்றிதழ் மட்டும் என்னிடம் இருந்தது. அதன்மேல் சீல் வைத்து வாங்கிக்கொண்டார்கள்.

இங்கே வீடு ஜன்னலுக்கு மேலே லிண்டல் வரைக்கும் எழும்பி நிற்கிறது. கூரை போட அடுத்த தவணை வர வேண்டும். அதற்குத்தான் ஓவர்சியர் வந்தார். வாரிசுச் சான்றிதழ் எடுத்து, யமுனாவுக்கு அப்பாவும் இல்லை, வயதும் வரவில்லை என்பதால் கார்டியன் போட்டு, அப்புறம் லிஸ்டில் பேர் மாற்றலாம் என்று விவரமாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அதெல்லாம் ஆவறதுக்குள்ள திட்டமே முடிஞ்சிடும்மா. மழை வேற வருது. நான் ஒண்ணும் கேக்கல, நீங்க ஒண்ணும் சொல்ல வாணாம். யாராவது ஒரு பொம்பளை நில்லுங்க, எடுத்துட்டுப் போறேன்.”

நல்ல மனிதர்தான். உன் சிரிப்பை அவரும் மறந்திருக்க மாட்டார்.

“அண்ணி புடவையைக் கட்டிக்கினு நில்லு. யாரு உத்துப் பாக்கப் போறா?” என்றார் உன் கொழுந்தன்.

கட்டிக்கொண்டேன் அக்கா. உன் பச்சைப் புடவையை. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, கதவு இல்லாத அந்த வாசலில் போய் நின்றேன். ஓவர்சியர் போனைத் தூக்கினார். அந்தக் காண்ட்ராக்டருக்கு ஊருக்குள் ஆள் இருக்கிறது. நாளைக்கு லேபர் ஆபீசில் இந்தப் போட்டோவை நீட்டி, ‘செத்தவ எப்படிமா வீட்டு முன்னாடி நிக்கிறா’ என்று கேட்டால்? உன்னை உயிரோடு காட்டினால் கூரை வரும். செத்தவள் என்று காட்டினால்தான் உன் மனு நிற்கும். பொய் சொன்னேன் என்று என்னைப் பிடித்துக்கொண்டு போனால் குட்டிக்கு யார், யமுனாவுக்கு யார்?

“வேணாம் சார்” என்று நகர்ந்துவிட்டேன்.

அவர் வற்புறுத்தவில்லை. பேர் மாற்ற மனு எழுதி வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்தார். உன் கொழுந்தன் சாப்பிடாமலேயே படகுக்குப் போனார். இது நேர்மை என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். வெறும் பயம். அன்றைக்குப் பயப்பட வேண்டிய இடத்தில் “எல்லாரும் போடுறாங்க” என்றேன். இப்போது பயந்து நகர்ந்தேன். இரண்டும் உன் மகள் தலையிலேயே விழுகிறது.

யமுனா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்ன செய்கிறாள் தெரியுமா? துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அந்த நாலு சுவருக்குள் போய்ப் பெருக்குகிறாள். இன்றைக்கு மழை நீர் தேங்கிக் கிடந்தது. அதையும் வாசல் வழியாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். மேலே பார்த்தால் வானம். குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போய் நின்றேன்.

“மறுபடியும் நெரம்பத்தான் போவுது, விடு யமுனா.”

“நம்ம வூடுதான சித்தி” என்றாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்: “நேத்து நீயே நின்னிருக்கலாம் இல்ல? அம்மா ஒண்ணும் சொல்லியிருக்காது.”

சொல்லியிருக்க மாட்டாய். எனக்கும் தெரியும். குட்டியை இறக்கிவிட்டு, இன்னொரு துடைப்பம் எடுத்து வந்து நானும் தண்ணீரைத் தள்ளினேன்.