அறைக்குள் சொன்னது

ஜூன் 12

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணனும் நீங்களும் நலம்தானே? நீங்கள் எழுதி மாதக்கணக்காகிறது. கோபமா, சோம்பலா?

ஓர் உதவி வேண்டும். எங்கள் சட்டக் கல்லூரியில் இந்த ஆண்டு முதல் செய்முறைத் தேர்வு வைக்கிறோம். எங்கள் பிள்ளைகள் சட்டப் பிரிவுகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து அழுதால் மட்டும் திருதிருவென்று முழிப்பார்கள். அதனால் வக்கீலாக உட்காரும் மாணவியின் எதிரே கட்சிக்காரராக நடிக்க ஆள் தேடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் இடத்தில் சுவர் எழுப்பிவிட்டார், அவ்வளவுதான் கதை. நான் மூலையில் உட்கார்ந்து மதிப்பெண் போடுவேன். கட்சிக்காரர் சொன்னதை வெளியே மூச்சு விட்டால், எத்தனை கெட்டிக்காரியானாலும் ஃபெயில். இதில் நான் ரொம்பக் கறார்.

வருவீர்கள்தானே?

உங்கள் செல்ல நாத்தனார்


ஜூலை 3

அன்பு வாத்தியாரம்மா,

நேற்று சுவர் கதையைக் கோட்டை விட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்.

வக்கீலாக உட்கார்ந்த அந்தக் கண்ணாடி போட்ட பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சுவர் இருக்கட்டும்மா. உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உன் அண்ணன் என்னை வேலைக்குப் போகவிடாதது, எனக்கு வெளியூரில் கணக்கர் வேலை கிடைத்திருப்பது, அடுத்த மாதம் சொல்லாமல் கிளம்பப்போவது, எல்லாம். மூலையில் நீ மதிப்பெண் எழுதுவதை நிறுத்தியதைப் பார்த்தேன்.

உனக்குக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். யாரிடமும் சொல்லாதே என்று உன்னிடம் சொல்லத் தேவையில்லை. கதை மாறியது என் தப்பு, அந்தப் பெண்ணின் மதிப்பெண்ணில் கை வைக்காதே.

அண்ணி


ஜூலை 19

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் உங்கள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டதாக அண்ணன் சொன்னார்.

உங்கள் கடிதம் வருவதற்குள் காரியம் கெட்டுவிட்டது. தேர்வு முடிந்த அன்று மாலையே நான் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவர் மனம் இளகி உங்களிடம் நல்லபடியாக நாலு வார்த்தை பேசுவார் என்று நினைத்தேன். அவரோ உங்களுக்கு வேலை தந்த அலுவலகத்துக்கே போன் போட்டு, நீங்கள் வரப்போவதில்லை என்று சொல்லியிருக்கிறார். அதை என்னிடம் பெருமையாக வேறு சொன்னார்.

வெட்கமாக இருக்கிறது அண்ணி. கட்சிக்காரர் சொன்னதை வெளியே சொல்லக்கூடாது என்ற விதியை வகுப்பில் சொல்லித்தர எழுந்தேன், வேறு பாடத்துக்குத் தாவிவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு முழு மதிப்பெண் போட்டேன். அவள் யாரிடமும் சொல்லவில்லை. நான் சொன்னேன். அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

அந்த அலுவலகத்துக்கு நான் போய்ப் பேசட்டுமா? திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஆகஸ்ட் 6

வாத்தியாரம்மா,

வேண்டாம். அந்த வேலைக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள்.

உன்னைத் திட்ட மனம் வரவில்லை. நீ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று தெரியும். உனக்கு அண்ணன் முதலில், நான் அப்புறம். அது புரியாமல் போனது என் முட்டாள்தனம்.

விவாகரத்துக்கு ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். என் அக்காவைக்கூட வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். நான் அழுதபோது அவசரப்படுத்தவில்லை. கணவர் வீட்டாரோடு இனி நேரடியாக எந்தப் பேச்சும் கூடாது, எதுவானாலும் தன் வழியாகத்தான் என்றார். அதனால் நான் உனக்கு எழுதும் கடைசிக் கடிதம் இது. இதையும் அவரிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

அந்த வக்கீலம்மா உன்னிடம் படித்தவராம். நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாய்.

அண்ணி