சணல் மில்லின் குழந்தை அறை

1923 ஜனவரி 17, புதன்

ஆற்றங்கரைச் சணல் மில்லுக்குப் போய்வந்தேன். ஆண் இன்ஸ்பெக்டர்கள் எட்டிப் பார்க்காத இடங்களுக்காகத்தான் சர்க்கார் ஆலைச் சோதனை ஆபீசில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். வேலைக்கு வரும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அறை. ஒரே ஜன்னல், கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள். பால் காய்ச்சும் அடுப்பை ஒட்டிச் சணல் கழிவைப் பரப்பிக் குழந்தைகளைக் கிடத்தியிருந்தார்கள். ஒரு பொறி போதும். நடுப்பகலில் ஒன்றுகூட அசையவில்லை.

"ரொம்ப நல்ல பிள்ளைங்க திதி, அழவே அழாதுங்க" என்றாள் வங்காளி ஆயா க்ஷாந்தமணி; திதி என்றால் அக்கா.

ஒரு குழந்தையின் இமையைத் தூக்கிப் பார்த்தேன். அபின். மதராஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தபோது இந்தக் கண்களைப் பார்த்திருக்கிறேன்.

பவானிப்பூரில் என் அறைக்குத் திரும்பி ரசம் வைத்தேன். ஒருத்திக்கென்று வைக்கும் ரசம் எப்போதும் மிஞ்சித்தான் போகிறது.

ஜனவரி 19

மறுபடி போனேன். அப்பலம்மா என்றொரு தறிக்காரி, கஞ்சம் பக்கத்துத் தெலுங்குக்காரி. எனக்குத் தெரிந்த தெலுங்கில் அபினைப் பற்றிக் கேட்டேன். மறைக்கவில்லை.

"நாங்கதாம்மா கொடுக்கறோம். பிள்ளை அழுதா எழுந்து ஓடணும். ஓடினா மேஸ்திரி சர்தார் வேலையை விட்டு நிறுத்திடுவான்."

அவள் இடுப்பில் பெண் குழந்தை. தலை தொங்கிக் கிடந்தது.

ஜனவரி 21

ஞாயிறு. பால்காரனைத் தவிர யாரோடும் பேசவில்லை.

ஜனவரி 23

அறிக்கை கொடுத்தேன். தாழ்ப்பாள், அடுப்பு, அபின் எல்லாவற்றையும் எழுதினேன். சரிசெய்யும்வரை அறையில் குழந்தைகளை விடக்கூடாது என்றும் எழுதினேன்.

பிப்ரவரி 6

ஹெட் கிளார்க் மஹாதேவன் என் மேஜைக்கு வந்தார்.

"நீங்க எழுதினது நியாயந்தான். ஆனா குழந்தைகளுக்கு அறை வெச்சே ஆகணும்னு சட்டத்துல எங்கே இருக்கு? மில் மேனேஜர் துரை அறையையே பூட்டிட்டார். இப்போ அது கோணி அடுக்கற குடோன்."

"அப்போ குழந்தைகள்?"

"அதை நீங்க யோசிச்சிருக்கணும்."

சாயங்காலம் அவர் மனைவி ராஜலக்ஷ்மி வெற்றிலை பாக்கு வைத்து எல்லார் வீட்டுப் பெண்களையும் அழைத்திருந்தாள். விதவையை யார் அழைப்பார்கள்? அதே வீட்டு மாடியில் என் அறையிலிருந்து அவர்கள் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 20

குழந்தைகள் இப்போது தறிகளுக்கு அடியில் கிடக்கின்றன. தூசியில், சத்தத்தில். என்னைக் கண்டதும் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். க்ஷாந்தமணிக்கும் வேலை போய்விட்டது.

மார்ச் 5, திங்கள்

அப்பலம்மாவின் குழந்தை. தறியின் பல்சக்கரம். வலது கையில் இரண்டு விரல்—

நானா? என்னாலா?

மார்ச் 6

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்பலம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"அந்த ரூம் இருந்திருந்தா தூங்கிட்டாவது கிடந்திருக்கும்" என்றாள். அவ்வளவுதான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 12

மேனேஜர் துரையைப் பார்த்தேன். இயந்திரத்துப் பக்கம் குழந்தை இருக்கக் கூடாது என்று சொல்ல எனக்குச் சட்டம் இருக்கிறது. சொன்னேன். அறையைத் திறக்கச் சொல்லச் சட்டம் இல்லை. கேட்டுக்கொண்டேன்.

"ஒரு குழந்தை செத்தால் யார் பொறுப்பு?" என்றார்.

"நான்" என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் அறையை நீங்களே வந்து நடத்துங்கள், திறந்துவிடுகிறேன் என்றார். டிராமில் வரும்போதுதான் சொன்னது உறைத்தது.

மார்ச் 15

ராஜினாமா கொடுத்தேன். மஹாதேவன் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு பார்த்தார்.

"சர்க்கார் உத்தியோகத்தை விட்டுட்டு ஆயா வேலைக்கா போறேள்? பைத்தியமா உங்களுக்கு?"

தெரியவில்லை.

ஏப்ரல் 9

மில் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்து, அறையைத் திறந்து, அடுப்பைத் தாழ்வாரத்துக்கு மாற்றியாயிற்று. தாழ்ப்பாளை நானே பிடுங்கினேன். க்ஷாந்தமணி திரும்பி வந்தாள். ஆனால் தாய்மார் வரவில்லை. வெறும் பாய்களைப் பார்த்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

ஏப்ரல் 11

அப்பலம்மா வந்தாள். குழந்தையின் கையில் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. வாசலிலேயே வெகுநேரம் நின்றாள். பிறகு கொடுத்தாள்.

"அபின் கொடுக்காதே. அழுதால் உன்னைக் கூப்பிடமாட்டேன், நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றேன்.

அபின் பழகிய உடம்பு. நாள் முழுக்க அழுதது.

ஜூலை 18

எனக்குப் பதில் வந்திருக்கும் இன்ஸ்பெக்டர் அம்மாள் இன்று அறையைச் சோதிக்க வந்தாள். சிறு வயது. குடிதண்ணீர்ப் பானைக்கு மூடி இல்லை என்று குறித்துக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் சொன்னது சரிதான்.

போகும்போது, "குவார்ட்டர்ஸில் தனியாகவா இருக்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

பதில் சொல்வதற்குள் மில் சங்கு ஊதிவிட்டது. யாரோ ஒருத்தி தன் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுத் தறிக்கு ஓடினாள்.