ஒரு சிட்டிகை இரை

என்னங்க, சோறு ஆக்கி வெச்சிருக்கேன். சாப்பிடாம கிடக்காதீங்க.

மீன் தொட்டித் தண்ணியைச் சோதிக்க டெஸ்ட் கிட் வாங்கினேன். காகிதப் பட்டையைத் தண்ணியில முக்கிப் பாக்குறது சுலபம்தான், ஆனா புதுசா மீன் வளக்குறவங்களுக்குச் சொட்டு விடுற கிட்தான் சரியா காட்டும்னு கடைக்காரர் சொன்னார். சொட்டு விட்டா மஞ்சளா நிக்கணும்; நம்ம தண்ணி கரும்பச்சையாயிடுச்சு. இரை மிஞ்சி அழுகினா அப்படித்தான் ஆகுமாம்.

மீனுங்க செத்ததுக்கு நேத்து ஒருத்தர் மேல ஒருத்தர் பழி போட்டுக் கத்தினோமே. நம்ம பையன் கண்ணை மூடினதிலிருந்து, உங்களுக்குத் தெரியாம தினமும் நான் அவனோட மீனுங்களுக்கு இரை போடுறேன். இன்னைக்கு விடியக்காலையில நீங்களும் டப்பாவோட நின்னதைப் பாத்தேன்.

பி.கு: மிச்சம் ஒரு மீன்தான். இரை டப்பா என் பையில இருக்கு, தேடாதீங்க. நான் வந்ததும் சேர்ந்தே ஒரு சிட்டிகை போடுவோம். அதுக்குப் பசியில்லைங்க. நமக்குத்தான் யாருக்காவது ஊட்டணும்போல இருக்கு.