வெட்டிப்போட்ட ஓரம்

தை 18, ஞாயிறு.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்ல மக எழுதுறா.

நாங்க வேலை பாத்த செராமிக் கம்பெனி வாலிபால் டீமோட வரலாறுன்னு இன்னைக்கு ஸ்டேஷன் பக்கத்துல பேனர் வச்சானுங்க. பழைய போட்டோதான். ஆனா ஆறு பேருல அஞ்சு பேருதான் இருக்கோம். ஓரத்துல நின்ன சூசையைக் காணோம். அந்த எடத்துல கவுன்சிலர் கும்புடுறாரு. சூசை தூக்கிக் குடுக்காம நாங்க ஒருத்தனும் ஒரு பந்து அடிச்சதில்லை. அவன் செத்து நாலு வருசம் ஆவுது. அவன் பொண்டாட்டி ஸ்டெல்லா, புருசன் மூஞ்சியைப் பாக்கணும்னு சேத்தியாத்தோப்புலேருந்து பஸ்ஸு ஏறி வந்து நிக்குது.

பேனர் வச்ச கமிட்டிக்காரனைக் கேட்டேன்.

"ஓரத்துல நின்னா வெட்டுப்படத்தான் செய்யும் பெருசு. நடுவுல நின்னிருக்கணும்"னு சிரிக்கிறான்.

வந்த ஆத்திரத்துல பேனரைக் கிழிக்கப் போனேன். ஸ்டெல்லா குறுக்க வந்து நின்னுச்சு.

"கிழிக்காதீங்கண்ணே. ஒங்க தோள் மேல கெடக்குது பாருங்க, அது அவரு கை."

பாத்தேன். மணிக்கட்டு வரைக்கும்தான் விட்டு வச்சிருக்கானுங்க.

கிழிக்காம வந்துட்டேன். கிழிச்சிருந்தா இந்நேரம் தூங்கியிருப்பேன்.