சீனி முகம்மதுவை ரயிலேற்றவில்லை

பாம்பன்
12-2-1957

அருமை மகள் மெஹருன்னிசாவுக்கு வாப்பா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் உம்மாவும் சுகம். பினாங்கில் நீயும் மருமகனும் சுகமென்று எழுதிய கடிதத்தை உம்மா என்னை இரண்டு தடவை வாசிக்கவைத்துக் கேட்டாள். அவளுக்கு முழங்கால் வலி, வாய்க்கு ஒன்றும் குறைவில்லை. நான் சொல்லவந்த சேதியே வேறு, சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

நான் கம்பவுண்டராக இருக்கும் முதியோர் விடுதியில், இனிப் பிழைக்காது என்று தெரிந்தவரை ரயிலேற்றி இராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவதுதான் இதுவரை வழக்கம். விடுதிக்குள் சாவு விழக்கூடாது என்பது மானேஜர் எண்ணம். போன மாதம் சீனி முகம்மதுவின் முறை வந்தது. தோணியில் சுக்கான் பிடித்தவர், பெண்டு பிள்ளை யாருமில்லை. "தெரியாத ஊருல போய்ச் சாகமாட்டேன், இங்கனயே கெடக்க விடுங்க தம்பி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மானேஜரிடம் கெஞ்சினேன். ஒரு குறை தெரிந்தாலும் அனுப்பிவிடுவேன் என்ற கண்டிப்போடு சம்மதித்தார். மறுநாளே குறை வந்தது. போகிற உயிருக்கு ஒரு வாய் தண்ணீரோ பாலோ ஊற்றினால் புண்ணியம் என்பது நம் பக்கத்து வழக்கமாயிற்றே. நான் யாருக்கும் தெரியாமல் மக்கத்து ஜம்ஜம் தண்ணீர் கொடுத்தேன். சமையல் இராமலட்சுமி அவள் பங்குக்குப் பால் ஊற்றினாள். படுக்கை மாற்றும் கபீர் இளநீர் புகட்டினான். பெரியவருக்குப் புரையேறிக் கண் செருகிவிட்டது. புண்ணியம் தேடப் போய்க் கொலைப்பழி வரப் பார்த்தது. மானேஜர் ரயிலடிக்குத் தூக்கிப்போக ஆள் அனுப்பச் சொல்லிவிட்டார்.

இராமலட்சுமி எங்களை அடுப்படிக்கு இழுத்துப்போய், "ஆளாளுக்கு ஊத்துறதுக்கு அவரு என்ன தண்ணித் தொட்டியா? வாய்க்கு நானு, ஒடம்புக்கு கபீரு, மருந்துக்கு நீங்க. கேக்காம ஒருத்தரு வேலையில இன்னொருத்தரு கைவைக்கப்படாது" என்று போட்டாளே ஒரு போடு. மூவரும் ஒன்றாகப் போய் நின்று, அவர் ரயிலேறினால் நாங்களும் கூடவே ஏறிவிடுவோம் என்றோம். மானேஜர் முணுமுணுத்துக்கொண்டே விட்டுக்கொடுத்தார். பிறகு பார்க்கவேண்டுமே மகளே. இராமலட்சுமி கஞ்சித் தண்ணீரில் துணியை நனைத்து உதட்டை ஈரப்படுத்துவாள், கபீர் புரட்டிப் படுக்கவைத்துத் துடைப்பான், வலி தெரியாமல் நான் பார்த்துக்கொண்டேன். ஒருவர் எழுந்தால் அடுத்தவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போவோம். பெரியவர் கண் திறந்தார், கபீர் பாடுவதைக் கேலிகூடச் செய்தார். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு கபீர் தோளில் சாய்ந்தபடி, நான் யாசீன் ஓத, அமைதியாகப் போய்ச் சேர்ந்தார். அழுதேன். ஆனாலும் ஜெயித்துவிட்டோம் என்று மனசு துள்ளுகிறது. இது பாவமா என்று உன் உம்மாவைக் கேட்டேன். "பாவமுமில்ல ஒண்ணுமில்ல, சோத்தைத் தின்னுங்க" என்றாள்.

ஜனாஸாவுக்கு வந்த மானேஜர், இனி யாரையும் அனுப்பவேண்டாம் என்று சொல்லிவிட்டார். இன்று காலை பக்கத்துக் கட்டில் முத்துராமலிங்கம், முதுகுளத்தூர்க்காரர், யாரோடும் பேசாதவர், என்னைக் கூப்பிட்டார். விடுதிக்கு வந்த நாளிலிருந்து அவர் கட்டிலுக்கு அடியில் ஒரு மூட்டை கட்டியபடியே கிடந்தது. ரயிலுக்கென்று தயாராக வைத்திருந்தாராம். "இதை அவுத்துரலாமாய்யா?" என்று கேட்டார். அவிழ்த்து, வேட்டி துண்டை நானே கொடியில் போட்டேன்.

உன் பேறுகாலத்துக்கு ஆண்டவன் துணையிருப்பான். எல்லாவற்றையும் தனியாக இழுத்துப்போட்டுச் செய்யாதே, பக்கத்து வீட்டாரிடம் இப்போதே சொல்லிவை. மருமகனுக்கு ஸலாம். இருவரும் நீடூழி வாழ துஆச் செய்யும்

உன் வாப்பா
அப்துல் குத்தூஸ்